நசிகேதஸின் மூன்றாவது கேள்வி

(மும்பை செம்பூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் பண்ணி, "மாமா, இந்தத் தடவை நீங்கள்தான் பேசணும், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார். "மரணத்தைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வாழ்க்கையின் அர்த்தம்னு போட்டுக்கலாமே மாமா, நன்னா இருக்குமே" என்றார். நோட்டீஸில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு தலைப்பும் ஒன்றேதான் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் வேத விற்பன்னன் இல்லை. பாங்க்கில் 38 வருஷம் கணக்குப் பார்த்தவன். 2011-ல் ஓய்வு பெற்ற பிறகு, நம்மவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் கூடமாட இருந்து உதவி செய்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். டாக்டர் சர்டிபிகேட், ஐஸ் பெட்டி, வண்டி, மயானத்தில் நேரம் குறிப்பது, அபர காரியத்துக்கு சாஸ்திரிகளுக்குச் சொல்வது, அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்து இறங்கும் வரை வீட்டில் இருப்பவர்களை ஒரு வாய் காபியாவது குடிக்க வைப்பது, இதெல்லாம்தான் என் வேலை. இத்தனை வருஷத்தில் எத்தனை வீடு என்று எண்ணவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். "அப்பா மனசில் என்ன இருந்தது என்று கேட்காமலே இருந்துட்டோமே!" சில வீட்டில் அப்பா, சில வீட்டில் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். என் வீட்டிலும் இதே வாக்கியம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு கதை. கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த கடோபநிஷத்தில் வருவது. வாஜசிரவஸ் என்பவர் தன்னிடம் உள்ளதையெல்லாம் தானம் கொடுக்கிற யாகம் செய்கிறார். கொடுப்பதோ, கடைசிப் புல்லைத் தின்று கடைசித் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்ட கிழட்டுப் பசுக்கள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நசிகேதஸுக்கு மனசு கேட்கவில்லை. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மூன்று தரம் கேட்கிறான். அப்பாவுக்குக் கோபம் வந்து, "உன்னை யமனுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லிவிடுகிறார். பையன் யமலோகம் போகிறான். யமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு அன்னம் தண்ணீர் இல்லாமல் வாசலில் காத்திருக்கிறான். திரும்பி வந்த யமன், அதிதியைப் பட்டினி போட்ட தோஷத்துக்குப் பரிகாரமாக மூன்று வரம் தருகிறான்.

அப்பாவின் கோபம் தணிய வேண்டும் என்பது முதல் வரம். ஸ்வர்க்கத்துக்கு வழி காட்டும் அக்னியைப் பற்றித் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் யமன் தயங்காமல் கொடுக்கிறான். மூன்றாவதாக, "மனிதன் செத்த பிறகு இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது நிஜம்?" என்று கேட்கிறான் பையன். அங்கேதான் யமன் நழுவுகிறான். இது தேவர்களுக்கே சந்தேகமான விஷயம், வேறு ஏதாவது கேள் என்கிறான். நூறு வயசு இருக்கிற பிள்ளைகள், பேரன்கள், யானை, குதிரை, தங்கம், பூமி, நீ விரும்புகிற அளவு ஆயுள், ரதத்தில் வருகிற அழகிகள், அவர்களுடைய பாட்டு, எல்லாம் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்கிறான். பையன் மசியவில்லை. உன்னுடைய பாட்டும் ஆட்டமும் உன்னிடமே இருக்கட்டும், எனக்கு இந்தப் பதில்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிடுகிறான்.

சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டபோது நசிகேதஸின் தைரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது 74 வயசில் யமனைப் பார்த்துத்தான் ஆச்சரியப்படுகிறேன். காரணம் சொல்கிறேன்.

என் அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1947-ல் பம்பாய்க்கு ரயிலேறி வந்தவர். கையில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் சர்டிபிகேட். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனார். மாட்டுங்காவில் ஒற்றை அறையில் எங்களை வளர்த்து ஆளாக்கினார். 2006-ல் அவருக்கு சதாபிஷேகம் பண்ணினோம். ஆயிரம் பூர்ண சந்திரனைக் கண்டவர் என்பார்களே, பாங்க்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு 29½ நாள். ஆயிரம் பௌர்ணமிக்கு 80 வருஷம் 10 மாதம் ஆகிறது. அவர் பிறந்து வளர்ந்த காலத்தை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. சுதந்திரம் வந்தபோது நம் தேசத்தில் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று சுமார் 70. என் தாத்தா 41 வயசில் கிராமத்து வீட்டுக் கூடத்தில், அத்தனை பேரும் சுற்றி நிற்க, போய்ச் சேர்ந்தார். நமக்கு ஆயுள் இரண்டு மடங்காகியிருக்கிறது. ஆனால் கூடம் போய்விட்டது.

2010-ல் ஒரு சாயங்காலம். அப்பா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். திடீரென்று, "ஏண்டா, போறப்போ எப்படிடா இருக்கும்? அதுக்கப்புறம் ஏதாவது இருக்கோ? இல்லேன்னா இத்தனை நாள் ஓடினதெல்லாம் எதுக்கு?" என்றார். குரலில் பயம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்பா இந்தப் பேச்செல்லாம்? நீங்க நூறு வயசு இருப்பேள். பேரனுக்குக் கல்யாணம் பண்ணணும், கொள்ளுப்பேரனைக் கொஞ்சணும். அடுத்த மாசம் திருப்பதிக்கு டிக்கெட் போடட்டுமா?" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கிரிக்கெட் பார்த்தார். அந்தக் கேள்வியை மறுபடியும் அவர் கேட்கவே இல்லை.

2011 ஜனவரியில் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் ஐ.சி.யு. நாலாம் நாள் வென்டிலேட்டர். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவரிடம் கேட்டு வைத்திருந்தால்தானே? 19 நாள். சாயங்காலம் பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். தொண்டையில் குழாய். பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கைகளை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு நாள் அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி, நல்ல பெண், ஒரு கையை அவிழ்த்து விட்டுப் பேனாவும் காகிதமும் கொடுத்தாள். அப்பா எழுதினார். எழுதி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். ஷார்ட்ஹாண்ட்! நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. எனக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அதற்கு ஆறாம் நாள் போய்விட்டார்.

பதிமூன்று நாள் காரியம் முடிந்த பிறகு, அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கை ரொம்ப நடுங்கியிருக்கு. ஒரு வார்த்தைதான் தெரியறது. 'ஹோம்' என்று இருக்கலாம். 'ஹிம்' என்றும் இருக்கலாம். பிட்மன் முறையில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு, உயிரெழுத்தை விட்டுவிட்டு எழுதறது வழக்கம். கோட்டுக்கு மேலே எழுதினாரா கீழே எழுதினாரா என்று பார்த்துத்தான் சொல்லணும். இது வெள்ளைத்தாள்" என்றார். ஹோம் என்றால் வீடு. ஆத்துக்கு அழைத்துப் போ என்று கேட்டாரா? நம் தமிழில் வீடு என்றால் மோக்ஷம் என்றும் அர்த்தம் உண்டு. அல்லது 'அவனை' என்று யாரையாவது கூப்பிடச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. அந்தக் காகிதம் இன்னும் என் பாங்க் பாஸ்புக்குக்குள் இருக்கிறது.

இப்போது யமனிடம் வருகிறேன். நூறு வயசு, பேரன், கொள்ளுப்பேரன், டி.வி.யில் ஆட்டம். யமன் நசிகேதஸுக்கு நீட்டிய அதே பட்டியலைத்தான் நான் என் அப்பாவுக்கு நீட்டியிருக்கிறேன். யமன் செய்தது பரீக்ஷை. பையன் நிஜமாகவே கேட்கிறான் என்று தெரிந்ததும் அவனை உட்கார வைத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னான். ச்ரேயஸ் எது, ப்ரேயஸ் எது என்று ஆரம்பித்து ஆத்மாவின் ஸ்வரூபம் வரை சொன்னான். நான் பட்டியலோடு நிறுத்திக்கொண்டேன். யமனுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை.

"எனக்கு மட்டும் பதில் தெரியுமா, நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இதற்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, நம்முடைய அபர காரியத்திலேயே இருப்பது. பன்னிரண்டாம் நாள் ஸபிண்டீகரணம். போனவருக்காக வைத்த பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா ஆகிய மூவரின் பிண்டங்களோடு சேர்க்கிறோம். அன்று முதல் அவர் பித்ரு வரிசையில் சேர்ந்துவிடுகிறார். அப்போது இன்னொன்றும் நடக்கிறது. வரிசையில் மூன்று இடம்தான். வஸு, ருத்ர, ஆதித்ய ரூபமாக மூன்று பேர். புதிதாக ஒருவர் உள்ளே வந்ததும், மேலே இருந்த கொள்ளுத்தாத்தா வரிசையிலிருந்து வெளியே போய்விடுகிறார். அதற்குப் பிறகு பிண்டத்துக்கு அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. என் அப்பாவின் காரியத்தில் சாஸ்திரிகள் இதை விளக்கியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பெரியவர்கள் எவ்வளவு பச்சையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்! உன் பெயர் மூன்று தலைமுறை. அதற்கு மேல் ஆசைப்படாதே. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு.) ஆனால் அவர் இல்லாமல் நாம் இல்லை. ஆகவே பெயர் நிற்க வேண்டும் என்பதில் வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடினால் ஏமாந்து போவோம்.

இரண்டாவது, பகவான் ரமணர். 1896 ஜூலையில் மதுரையில், 16 வயசில், அவருக்கு மரண பயம் வந்தது. டாக்டரைத் தேடி ஓடவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பிணம் மாதிரி படுத்துக்கொண்டு, இந்த உடம்பு போனால் போவது எது என்று விசாரித்தார். அது நமக்கெல்லாம் தெரிந்த கதை. 1922-ல் அவருடைய தாயார் அழகம்மாளின் அந்திம தினத்தில் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. மே 19-ம் தேதி. அத்தனை பெரிய ஞானி, அம்மாவுக்கு உபதேசமோ உபந்யாஸமோ செய்யவில்லை. ஒரு கை அம்மாவின் மார்பில், ஒரு கை தலையில். பகல் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ராத்திரி மூச்சு அடங்கும் வரை. பதில் தெரிந்தவரே அப்படி உட்கார்ந்தார் என்றால், பதில் தெரியாத நாம் அதையாவது செய்யலாம் இல்லையா?

என் அம்மா விஷயத்தில் எனக்கு அந்த சந்தர்ப்பம் கிடைத்தது. 2019-ல் அவளுக்கு 87 வயசு. கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தரம் டயாலிஸிஸ் என்றார் டாக்டர். அம்மா அவரிடமே கேட்டாள்: "அதனால கிட்னி சரியாயிடுமோ?" "இல்லை பாட்டி, கொஞ்ச நாள் கூட இருக்கலாம்." "அப்போ வேண்டாம். ஆத்திலேயே இருக்கேன்." இந்தத் தடவை நான் வாதாடவில்லை. வலி தெரியாமல், மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே வருகிற டாக்டரையும் நர்ஸையும் ஏற்பாடு செய்தோம்.

ஒரு மத்தியானம் அம்மா கேட்டாள்: "ஏண்டா, நான் என்னத்தைப் பண்ணிக் கிழிச்சேன்? சமைச்சேன், தோய்ச்சேன், உங்களை வளர்த்தேன். அவ்வளவுதானே?" அப்பா கேட்ட அதே கேள்வி, வேறு உருவத்தில். "அப்படியெல்லாம் சொல்லாதேம்மா" என்று வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். "நீயே சொல்லேம்மா, என்னென்ன ஞாபகம் வரது?" என்றேன். அன்று முதல் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டது. ரேஷன் அரிசிக் காலத்தில் மாடி வீட்டு குஜராத்திப் பெண்ணின் பிரசவத்துக்குத் துணை போனது. வாசலில் வரும் கறிகாய்க்காரியின் பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அப்பாவுக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்தது. எதுவுமே எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்! யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு மட்டும் யாருக்கு என்று ரொம்ப நாள் யோசித்தாள். கடைசியில் எங்கள் மராட்டிப் பேத்திமாட்டுப்பெண்ணுக்குக் கொடுத்தாள். "அவதான் அடுப்பைச் சின்னதா வெச்சுக்கத் தெரிஞ்சவ, ஈயத்தை உருக்கிட மாட்டா" என்றாள். ஒரு நாள் விடியற்காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லேடா, சும்மா இருக்கலே நான்" என்றாள். கேள்வி கேட்டவளே பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நாலு மாதம் இருந்தாள். கூடத்தில்தான் போனாள்.

இந்த இரண்டு மரணத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதை மூன்று வேண்டுகோளாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, பேசுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் போகிற பேச்சை எடுத்தால் அபசகுனம் என்று வாயை மூடாதீர்கள். நித்யம் நாம் உச்சரிக்கிற பிரார்த்தனைகளிலேயே மரணம் வருகிறது, அதில் அபசகுனம் இல்லையே. "என்ன தோணறது, சொல்லுங்கோ" என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். கௌரவமாக மரணிப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய உரிமைதான் என்று சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ம் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. மீள வழியில்லாத நிலையில் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் மாஜிஸ்டிரேட் வரை போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் ஒருவரும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்காக முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் அதில் எழுத வேண்டும். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் அது நடைமுறைக்கு வரும். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, அது நம் நாட்டில் குற்றம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, வலியைச் சகித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். இதற்கென்றே தணிப்புச் சிகிச்சை என்று ஒரு வைத்தியம் இருக்கிறது. நம் தேசத்தின் முதல் ஹாஸ்பைஸ் 1986-ல் இங்கே பாந்த்ராவில்தான் ஆரம்பமானது, சாந்தி அவேதனா ஸதன். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார். மார்பின் மருந்து கிடைப்பதை எளிதாக்க 2014-ல் சட்டத்தையே திருத்தினார்கள். வெளியூர் உறுப்பினர்களும் அவரவர் ஊரில் இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் சும்மா இருக்கலாமா? போன வருஷம் நானும் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குப் போனில் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "ஏம்பா இந்தப் பேச்செல்லாம்? நீ நூறு வயசு இருப்பே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. போனை வைத்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு அவனே கூப்பிட்டான். "அப்பா, தூங்கிட்டியா? மத்தியானம் படிச்சியே, மறுபடி முதல்லேர்ந்து படி. கேக்கறேன்" என்றான். படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களும் யாராவது ஒருவரைக் கூப்பிடுங்கள். டி.வி.யைக் கொஞ்சம் அணைத்துவிட்டு உட்காருங்கள்.